அண்டாவுக்குள் இருபத்தைந்து வாய்

எப்சிக்கு அந்த நான்கு தெருவிலும் யார் வாயில் எத்தனை பல் என்பது மனப்பாடம். அவள் வேலை அப்படி. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சர்க்கரைக்கு விரலில் குத்த வேண்டும், மாதத்து மாத்திரையைக் கொடுக்க வேண்டும். கடைசியில் கைவிளக்கை அடித்து, "ஆ காட்டுங்க" என்று வாய்க்குள் பார்த்து, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும். சம்பளம் என்று சொல்லக் கூடாதாம், ஊக்கத்தொகையாம்.

"ஊரு வாயெல்லாம் பாக்குத. கட்டினவன் வாயப் பாக்க ஒனக்கு நேரமில்ல" என்பான் புருஷன் தேவமணி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"ஒங்க வாயத்தான் நாளெல்லாம் கேக்கேன், பாக்க வேற செய்யணுமா?" என்பாள் எப்சி.

முக்கூடலை ஒட்டி, ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் உள்ள ஊர் அது. பாதி வீடுகளில் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். எப்சியும் முப்பத்தெட்டு வயது வரை சுற்றியவள்தான். பல்வலி வந்தால் அங்கே யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை. சுளகில் கிடக்கிற புகையிலைத் தூளிலேயே ஒரு சிட்டிகை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் வலி மரத்துப் போகும், கை நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்தாறு வருஷத்தில் பல் விழும். விழுந்த இடத்திலும் தூள்தான். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பல்லைக் காட்டினால் ஒருநாள் சுற்று போய்விடும். பல்லுக்காக ஒரு நாளை யார் விடுவார்கள்?

அதனால்தான் பல் முகாம் என்று தாக்கல் வந்தபோது எப்சி நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். ஏழைக் குடும்பங்களில் ஐம்பது வயது தாண்டி முழுப் பல்லும் இழந்தவர்களுக்கு மேலும் கீழும் இலவசமாகப் பல் செட்டு. இவள் பகுதிக்கு இருபத்தைந்து பேர். ஒரே வாரத்தில் இருபத்துநாலு பேரைச் சேர்த்துவிட்டாள்.

இருபத்தைந்தாவது ஆள்தான் பாலம்மாள்.

பாலம்மாள் எதிர்வீட்டுக்காரி. ஐம்பத்தெட்டு வயது. எப்சிக்குப் பீடி முனையை மடக்கச் சொல்லிக்கொடுத்தவள். எப்சிக்கு அம்மை போட்டிருந்த பதினைந்து நாளும் வேப்பிலையும் இளநீருமாக வந்து நின்றவள். "ஒங்க ஏசு கோவிச்சுக்கிடுவாராட்டி?" என்று கேட்டுக்கொண்டே வேப்பிலையைத் தலைமாட்டில் சொருகுவாள். மேல்வரிசையில் அவளுக்கு ஒரு பல்லும் கிடையாது. கீழே முன்பக்கம் ஆறு இருந்தன. காவி ஏறிய, கொஞ்சமும் ஆடாத ஆறு. அந்த ஆறுக்கும் மேல் ஈறுக்கும் இடையில் கொடுத்துக் கருவாட்டைக்கூட இழுத்துத் தின்றுவிடுவாள்.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. ஜெர்லின் என்று ஒரு இளவயசுப் பல் டாக்டர் வந்திருந்தாள். பாலம்மாளின் வாயைப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தை எப்சியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த ஆறும் நல்ல பல்லு. கீழ்ச் செட்டு நிக்கணும்னா இதுதான் பிடிமானம். இதப் பிடுங்கிட்டா கீழ்ச் செட்டு வாய்க்குள்ள நீந்திக்கிட்டுக் கிடக்கும். இவங்களுக்கு மேலே முழுசாவும் கீழே பாதியாவும் செஞ்சு கொடுங்க."

வட்டார ஒருங்கிணைப்பாளர் ஹெப்ரான் பக்கத்தில் நின்றார். தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் ஒரு சுற்றறிக்கை. "பாதி செட்டு திட்டத்துல கிடையாது டாக்டர்" என்றார்.

"அப்ப திட்டத்த மாத்துங்க. பல்ல ஏன் சார் மாத்துதீங்க?"

டாக்டர் கை கழுவப் போனதும் ஹெப்ரான் குரலைத் தாழ்த்தினார். "எப்சி, பேனர்ல இருபத்தஞ்சுன்னு அடிச்சாச்சு. வியாழக்கிழமை பக்கத்து ஊர்ல வேற டாக்டர் முகாம் இருக்கு. அங்கன கூட்டிட்டுப் போயி ஆறையும் எடுத்துருங்க. பொறவு முழுப் பல் இழந்தவர்தான? விதிப்படி சரியாயிரும்."

எப்சி விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பாலம்மாளுக்கு ஒரு முழு வரிசை பல் வரட்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. மேலே ஒரு பல்கூட இல்லாமல் எத்தனை நாளைக்கு? இருபத்தைந்தை முடித்த பணியாளர் என்ற பெயர் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. எது பெரியது என்று அவள் அன்று நிறுத்துப் பார்க்கவில்லை.

"நல்லா நிக்க பல்லப் போயி யாராவது புடுங்குவாவளா?" என்று பாலம்மாள் கேட்டாள்.

"ஆறு போனா முப்பத்திரண்டு வருதுக்கா."

"அந்தப் பிள்ள வேண்டாங்குதாளே."

"அவ சின்னப் பிள்ள. நான் சொல்லுதேன்லா?"

பாலம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. எப்சி சொன்னால் சரி. வியாழக்கிழமை ஆறும் ஒரே உட்காரலில் போயின. கிண்ணத்தில் போட்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் பஞ்சை அடக்கியபடி பாலம்மாள் கையால் சாடை காட்டினாள். ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

பிறகு கஞ்சிதான். பங்குனியில் கஞ்சி, சித்திரையில் கஞ்சி. ஈறு ஆறி ஆடி மாதம் அளவெடுக்க ஜெர்லின் மறுபடியும் வந்தாள். பாலம்மாளின் வாயைத் திறந்து பார்த்தவள், "யாரு பிடுங்கினா?" என்று கேட்டாள். எப்சி தரையைப் பார்த்தாள். ஜெர்லின் பசையைக் குழைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருவர் வாயிலும் பசையை அழுத்தி அச்செடுத்து, வெள்ளைச் சுண்ண அச்சு வார்த்து, அதன் அடியில் ஒவ்வொரு பெயரையும் தன் கையாலேயே எழுதினாள். செட்டுகள் செய்யும் கூடத்துக்கு அந்த அச்சுகள் போயின. ஜெர்லினை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. பாலம்மாளின் ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. பீடிக்கடையில் கட்டுகளைச் சரிபார்க்கிறவன் அவள் பேசுவதைப் போலவே உதட்டை மடக்கிப் பேசிக் காட்டுகிறான் என்று கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எப்சிதான் அவளுடைய கட்டுகளையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் போட்டாள். "எப்பட்டி வரும்?" என்று பாலம்மாள் கேட்பாள். "வந்துரும்க்கா" என்பாள் எப்சி. தினமும் இதே கேள்வி, இதே பதில்.

ஐப்பசியில் வந்தது. கல்யாண மண்டபத்தில் வழங்கும் விழா, காலை பதினோரு மணிக்கு. சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய மனிதர் வருகிறார். வாசலில் 'பிளாஸ்டிக் இல்லாத விழா' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். எப்சி பத்து மணிக்கே தன் இருபத்தைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மேடைக்குக் கீழே, சாம்பார் வைக்கிற அலுமினிய அண்டா ஒன்று இருந்தது. முழங்கால் உயரம். உள்ளே ரோஸ் நிறத்தில் ஏதோ மருந்து கலந்த தண்ணீர். தண்ணீருக்குள் பல் செட்டுகள். மேல், கீழ், மேல், கீழ் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஐம்பது வரிசை கிடந்தது. அண்டாவின் விளிம்பில் பழைய சாம்பாரின் மஞ்சள் கறை. அருகில் ஒரு பையன், வடை அரித்தெடுக்கும் ஓட்டைக் கரண்டியோடு நின்றான்.

எப்சிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. "சார், பேரு எங்க சார்? எது யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

ஹெப்ரான் பெருமையாகச் சுற்றறிக்கையைக் காட்டினார். "'உலர விடாமல் நீரில் இட்டு வழங்க வேண்டும்.' நேத்தே பிரிச்சுப் போட்டாச்சு."

"பிரிச்ச பை எங்க? பேரு அதுலதான இருந்திருக்கும்?"

"பிளாஸ்டிக் பைல்லா. குப்பைக்குப் போயிட்டு."

"அப்ப?"

"போட்டுப் பாக்கட்டும். செருப்புக் கடையில போட்டுப் பாத்துத்தான வாங்குதோம்? பொருந்தினத வச்சுக்கிடட்டும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையன் கரண்டியை உள்ளே விட்டு ஒரு செட்டை அரித்தெடுத்து, தண்ணீரை வடியவிட்டு, வரிசையில் முதலில் நின்ற கிழவரின் உள்ளங்கையில் வைத்தான். அவர் வாயில் போட்டார். மென்று பார்த்தார். ஓக்காளித்து வெளியே எடுத்தார். எச்சில் நூலாக இழுத்தது. செட்டு அப்படியே அண்டாவுக்குள் திரும்பி விழுந்தது. பையன் அதே கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி, அடுத்தவருக்கு இன்னொன்றை எடுத்தான். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒரு அம்மாவுக்கு ஈறில் உரசி ரத்தம் வந்தது. அதுவும் உள்ளேதான் போனது. தண்ணீரில் வெற்றிலைத் துணுக்கு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வரிசையில் யாருக்கு வாயில் புண், யாருக்கு ரத்தத்தில் என்ன, யார் எந்த மாத்திரை தின்கிறார்கள் என்பதெல்லாம் எப்சியின் தோளில் தொங்கிய பைக்குள், நோட்டில் இருக்கிறது. வெளியே ஒரு சொல் சொல்லக் கூடாது. சொல்லாமல் எப்படி நிறுத்துவது?

அவள் பையனிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். சுவரில் சாய்த்திருந்த மூடியை எடுத்து அண்டாமேல் போட்டாள். போட்டுவிட்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்சி, எந்திரிங்க."

"மாட்டேன் சார்."

"விருந்தினர் கார் வந்துட்டு!"

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

"எல்லாம் மருந்துத் தண்ணிம்மா. கிருமி செத்துரும்."

"அப்ப ஒங்களப் பெத்த அம்மைக்கி ஒண்ண இதுல இருந்து எடுத்துக் குடுப்பியளா சார்?"

வரிசையில் ஆறாவதாக நின்ற அப்பாத்துரை சிரித்தார். பஸ் டிப்போவில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், எப்சி ஞாயிற்றுக்கிழமை போகும் கோயிலுக்கே வருகிறவர். எழுபது வயதிலும் சட்டையை உள்ளே விட்டுத்தான் வெளியே வருவார். அண்டாவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "வே ஹெப்ரான்" என்றார், பொக்கை வாயில் சத்தமாக. "வாரவர மொதல்ல ஒண்ணு போட்டுக் காட்டச் சொல்லும். அவருக்குப் பொருந்திட்டுன்னா நாங்களும் போடுதோம்."

விருந்தினர் உள்ளே வந்தார். அண்டாமேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், விவரம் கேட்டார், அடுத்த நொடி கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. வேறு ஊரில் அவசரமாக ஒரு நிகழ்ச்சி இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அவருடைய மூக்குக்குக் கைக்குட்டை உண்டு, இவர்கள் வாய்க்கு மட்டும் எதுவும் ஆகும் என்று எப்சி நினைத்தாள். தனக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு என்றும் நினைத்தாள். கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தானே.

உட்கார்ந்தபடியே ஜெர்லினுக்குப் போன் போட்டாள்.

"எதுல?" என்றாள் ஜெர்லின்.

"அண்டாவுல டாக்டர்."

ஜெர்லின் மறுபடியும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு, "அச்சு எல்லாம் செட்டு செஞ்ச கூடத்துல இருக்கு. அடியில பேர் எழுதியிருக்கேன். ஒவ்வொரு செட்டும் அதோட அச்சுலதான் உக்காரும், வேற எதுலயும் உக்காராது. அத்தனையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. வாயில போட்டது எல்லாத்தையும் வாங்குங்க" என்றாள்.

வாங்கினாள். கையிலும் வாயிலும் இருந்ததை ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக நின்ற பாலம்மாளை மட்டும் காணவில்லை. எப்சி வெளியே ஓடினாள். மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாயருகில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள் பாலம்மாள்.

"அக்கா, அதக் குடுத்துரு. ஒன்னோடது இல்ல அது."

பாலம்மாள் முந்தானையை இறக்கினாள். வாய் நிறைய வெள்ளைப் பல். முகமே வேறாக இருந்தது, பத்து வயது குறைந்து. "எனக்குக் கச்சிதமாப் பத்திருச்சி" என்றாள்.

"அடுத்தவங்க அளவுக்கா. எத்தன பேரு வாயில போயிட்டு வந்துதோ."

"கெடக்கட்டும். கழுவிக்கிட்டேன்."

"அக்கா, சொல்லுததக் கேளு. வேண்டாம்க்கா."

"ஏட்டி, என் வாயில இருந்த ஆறையும் புடுங்கச் சொன்னது நீ. எட்டு மாசம் கஞ்சி குடிச்சிருக்கேன். இப்ப ஆண்டவன் பாத்துக் குடுத்ததையும் நீயே புடுங்குதியா? போட்டி அங்கிட்டு."

அவள் போய்விட்டாள். எப்சி பின்னால் போகவில்லை. அந்தப் பல்லைப் பிடித்து இழுக்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. குழாயைத் திறந்து கையை முழங்கை வரை மூன்று தடவை கழுவினாள். ஒரு செட்டு குறைந்தது என்று ஹெப்ரானிடம் சொன்னாள், யார் என்று சொல்லவில்லை. அவரும் அன்றைக்கு எண்ணிப் பார்க்கிற நிலையில் இல்லை.

பதினெட்டு நாள் கழித்து, ஜெர்லினே லீவு போட்டு அந்தக் கூடத்துக்குப் போய் இருபத்துநாலு செட்டையும் அச்சில் வைத்துப் பார்த்து, தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி எப்சியிடம் கொடுத்தாள். மிஞ்சிய ஒரு அச்சின் அடியில் அப்பாத்துரை என்று இருந்தது.

எப்சி பாலம்மாளின் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அந்தப் பதினெட்டு நாளும் இருவரும் பேசியிருக்கவில்லை. பாலம்மாள் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கக் கடைவாயில் தூள் அடக்கியிருப்பது எப்சியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"வலிக்குதாக்கா?"

"ஒனக்கு என்ன?"

எப்சி டப்பாவைச் சுளகின் ஓரத்தில் வைத்தாள். "இது ஒன்னோடது. டாக்டர் அச்சுல வச்சுப் பாத்துக் குடுத்தாவ."

பாலம்மாள் கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். வாயில் இருந்ததை எடுத்து எப்சியின் கையில் வைத்தாள். ஈறில் இரண்டு இடத்தில் புண் வெந்து வெளுத்திருந்தது. புதுச் செட்டைப் போட்டாள். மேல் வரிசை சொன்னபடி போய் ஒட்டிக்கொண்டது. கீழ் வரிசை, அவள் வாயைத் திறந்ததும் எழும்பி நாக்குக்கு மேல் வந்தது. அழுத்தி வைத்தாள். மறுபடியும் எழும்பியது.

"அந்தப் பொட்டப்பிள்ள அன்னைக்கே சொன்னா. ஆறு இருந்தாத்தான் நிக்கும்னு" என்றாள் பாலம்மாள். "நீயும் பக்கத்துலதான நின்ன. கேட்டியா, கேக்கலியா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். முகாமில் அன்று அவ்வளவு கூட்டம், அவ்வளவு சத்தம்.

"கேட்டேன்க்கா" என்றாள் எப்சி.

பாலம்மாள் கீழ் வரிசையை எடுத்து டம்ளரில் போட்டாள். மேல் வரிசை மட்டும் வாயில் இருந்தது. கத்தரியை எடுத்து இலை வெட்ட ஆரம்பித்தாள். நாலைந்து இலை வெட்டிய பிறகுதான் பேசினாள். "புண்ணுக்கு என்ன போடணும்?"

"தூளத் துப்பு மொதல்ல. மருந்து கொண்டாரேன்."

"அந்தப் பல்லுக்காரர்கிட்ட புதுசுன்னு சொல்லிக் குடுத்துராத. நான் பதினெட்டு நாள் தின்ன பல்லு. யாரா இருந்தாலும் பாவம்."

ஹெப்ரான் வேறு யோசனை சொன்னார். "நல்லாக் கழுவி மருந்துல போட்டுக் குடுத்துருங்க, அவருக்கு எங்க தெரியப்போவுது? திரும்ப எழுதிப் போட்டா நூறு கேள்வி வரும்." பேனரில் அடித்த இருபத்தைந்து அவர் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. எப்சியின் ஊக்கத்தொகையும் அவர் கையெழுத்தில்தான் வரவேண்டும். அதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

கழுவினாள். ஜெர்லின் சொன்ன மருந்தில் ஒருநாள் முழுக்க ஊறவைத்தாள். டப்பாவில் வைத்தபோது பளபளவென்று, இப்போதுதான் செய்தது போல இருந்தது.

அப்பாத்துரை வீட்டில் தனியாக இருந்தார். முன்னால் ஒரு கும்பாவில் ரசஞ்சோறு, கையாலேயே கூழாகப் பிசைந்து வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து பார்த்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். செட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"புதுசுதான?"

எப்சி நின்றுகொண்டே சொன்னாள். "இல்ல பெரியப்பா. பதினெட்டு நாள் வேற ஒரு ஆளு வாயில இருந்துது. கழுவி, மருந்துல போட்டு எடுத்திருக்கு. டாக்டர் தப்பில்லங்காவ. வேண்டாம்னா புதுசுக்கு எழுதுதேன். ஆறு மாசம் ஆவும். கூடவும் ஆவும்."

"யாரு வாயில?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாண்டாம்" என்றார். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோற்றையும் பார்த்தார். "யாரு வாயா இருந்தா என்ன. என் வாயி இல்லல்லா." டப்பாவுக்குள் அதை வைத்து மூடி, எப்சியின் பக்கம் நகர்த்தினார். "எழுது."

அவள் படிவத்தை எடுத்தாள். பெயர், வயது, முகவரி. 'பயனாளி பெற மறுத்ததற்கான காரணம்' என்று ஒரு சிறிய கட்டம் இருந்தது. ஒருவேளை அவர் மறுத்தால் அளவு சரியில்லை என்று போடும்படி, ஹெப்ரான் எப்சி வீட்டு வாசல் வரை வந்து சொல்லியிருந்தார். எப்சி கட்டத்துக்குள் 'அருவருப்பு' என்று எழுதினாள்.

அப்பாத்துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். "கீழ என் கையெழுத்தா, ஒன்னோடதா?"

"ரெண்டும்" என்று பேனாவை அவரிடம் நீட்டினாள் எப்சி.